காத்திருப்பின் தொடக்க நாள்: கலிபோர்னிய மணமுறிவுச் சட்டத்தில் ஒரு மாற்றம்

கலிபோர்னியாவில் மணமுறிவு கோருவோர் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பலரும் அறிந்த விதிதான். ஆனால் அந்த ஆறு மாதம் மனுத் தாக்கலான நாளிலிருந்தோ தீர்ப்பு நாளிலிருந்தோ எண்ணப்படுவதில்லை. மனுவின் நகலும் நீதிமன்ற அழைப்பாணையும் எதிர்மனுதாரரிடம் முறைப்படி சேர்க்கப்பட்ட நாள், அதாவது சம்மன் சார்பு செய்யப்பட்ட நாள், அல்லது அவர் தாமாகவே வழக்கில் முன்னிலையான நாள், இவ்விரண்டில் எது முந்தியதோ அதுவே கணக்கின் தொடக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலை வேறாக இருந்தது. தீர்ப்புக்குப் பின் ஓராண்டுவரை மறுமணம் கூடாது என்று 1897இல் மாநிலம் தடை விதித்தபோது, அவசரப்பட்டவர்கள் எல்லை தாண்டி நெவாடாவில் மணம் முடித்துத் திரும்பினர். அத்தகைய மணம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றமும் 1902இல் தீர்ப்பளித்தது. இதற்கு மாற்றாகச் சட்டமன்றம் 1903இல் இடைநிலைத் தீர்ப்பு என்னும் முறையைக் கொண்டுவந்தது. மணமுறிவு பெறும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் முதலில் அறிவிக்கும். ஓராண்டு கழிந்து இறுதித் தீர்ப்பு பதிவாகும்வரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவியே. மறுமணத்தைத் தடுப்பதற்குப் பதிலாகப் பழைய மணத்தையே உயிரோடு வைத்திருந்த இந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது என்பதில் ஐயமில்லை. திரைப்பட நடிகர் ருடால்ஃப் வாலண்டினோ, முதல் மனைவியுடனான வழக்கில் இடைநிலைத் தீர்ப்பு வந்து ஓராண்டு நிறைவதற்குள், 1922 மே மாதம் மெக்சிகாலி நகரில் நடாஷா ரம்போவாவை மணந்து, லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பியதும் இருதார மணக் குற்றச்சாட்டில் கைதானார். குற்றச்சாட்டு தள்ளுபடியானபோதிலும், அவ்விருவரும் 1923இல் இண்டியானாவில் மீண்டும் மணந்துகொள்ள வேண்டியிருந்தது.

குற்றம் சுமத்தாமலே மணமுறிவு பெற வழிவகுத்து, ஆளுநர் ரொனால்டு ரீகன் 1969இல் கையெழுத்திட்டு 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தின்கீழ், காத்திருப்பு ஆறு மாதமாகவும் அதன் தொடக்கம் சம்மன் சார்பு செய்யப்படும் நாளாகவும் அமைந்தன. 1984இல் இடைநிலைத் தீர்ப்பும் ஒழிக்கப்பட்டது. கால அளவு குறைந்ததைவிடத் தொடக்கப் புள்ளி இடம்பெயர்ந்ததே பெரிய மாற்றம் எனலாம்: முன்பு வழக்கு முடிந்தபின் சுமத்தப்பட்ட காத்திருப்பு இப்போது வழக்கோடு சேர்ந்தே ஓடுகிறது; வாழ்க்கைத்துணைக்குத் தெரியாமல் தாக்கலாகி அலுவலக அலமாரியில் கிடக்கும் மனுவால் ஒரு நாளும் கழிவதில்லை.

இதனால் சார்பு செய்யும் முறைக்கு முன்பில்லாத எடை வந்தது. மனுதாரர் தம் கையாலேயே தாளை நீட்டுவது செல்லாது. வழக்கில் தொடர்பற்ற, பதினெட்டு வயது நிரம்பிய வேறொருவர் சேர்த்துவிட்டு, அதற்கான சான்றுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அஞ்சலில் அனுப்பி ஒப்புகை கேட்கும் முறையில், தாள் அஞ்சலிடப்பட்ட நாள் அல்ல, எதிர்மனுதாரர் ஒப்புகையில் கையொப்பமிட்ட நாளே கணக்கில் வரும். ஆகவே தாமதிக்க விரும்புபவருக்கு ஒரு பேனாவே போதிய ஆயுதமாகிவிடுகிறது. ஆளையே கண்டுபிடிக்க முடியாதபோது, தக்கபடி தேடியதை நிறுவி அனுமதி பெற்று, செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் அறிவிப்பு வெளியிட்டு, இருபத்தெட்டாம் நாளில்தான் சார்பு நிறைவுற்றதாகக் கொள்வர். ஆறு மாதம் அதன் பிறகே ஓடத் தொடங்கும். அக்காலம் முடிந்ததும் மணம் தானாக முறிந்துவிடும் என்று நம்பி மறுமணத்துக்கு நாள் குறிப்பது ஆபத்தானது, ஏனெனில் தீர்ப்புப் பதிவாகாமல் எதுவும் முடிவதில்லை.

எல்லா மாநிலங்களும் இவ்வழியில் செல்லவில்லை. விஸ்கான்சினும் 120 நாளைச் சார்பு நாளிலிருந்தே எண்ணுகிறது. டெக்சாஸோ 60 நாளை மனுத் தாக்கலிலிருந்தே எண்ணுகிறது. கலிபோர்னியாவிலேயே, பிள்ளைகளும் பெருஞ்சொத்தும் இல்லாத, மணமாகி ஐந்தாண்டுக்கு மேற்படாத இணையர் சேர்ந்து கோரும் சுருக்கமுறை மணமுறிவில் யாருக்கும் யாரும் தாள் சேர்க்க வேண்டியதில்லை என்பதால், கூட்டு மனு தாக்கலான நாளிலேயே ஆறு மாதம் தொடங்கிவிடுகிறது.