சூலுற்றாரும் சோகையும்

பிள்ளைப்பேறு நோயன்று. ஆயினும், பேற்றுக்கு முன்னரே தாயின் உடலை முறையாகச் சோதித்தல் வேண்டும் என்னும் கொள்கை மிக அண்மையில் தோன்றியதேயாம். எடின்பரோ நகரத்து டாக்டர் பாலண்டைன் என்பார், கருப்பிணிகளுக்கென்று ஆஸ்பத்திரியில் தனிப்படுக்கை வேண்டுமென வாதித்து, 1901-இல் அதனைப் பெற்றார். 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார இலாகா 16, 24, 28-ஆம் வாரங்களிலும், பின் இரு வாரத்திற்கொரு முறையும், 36-ஆம் வாரத்திற்குப் பின் வாரந்தோறும் சோதனை வேண்டுமென வகுத்தது. உலகெங்கும் பரவிய முறைக்கு இதுவே மூலமாயிற்று.

அக்காலத்தில் ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பெண்மக்களின் நிலை யாது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஐக்கிய மலாய் நாடுகளில் பேறுகால உதவிப்பணத்தை ஏற்படுத்தியது உண்மையே. ஆனால் அவர்தம் இரத்தத்தை மலேரியா ஜுரம் ஒருபுறமும், வெறுங்காலின் வழியே புகும் கொக்கிப்புழு மற்றொருபுறமும் குடித்துக்கொண்டிருந்தன. வெளுத்த முகத்தோடு பெரட்டுக்கு வந்து நின்ற கருப்பிணியை "மசக்கை" என்று சொல்லி விட்டுவிடுதலே வழக்கம்.

இச்சோகையின் மர்மத்தில் ஒரு பகுதி இந்தியாவிலேயே வெளிப்பட்டது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-இல் பம்பாய் சென்று, ஏழைக் கருப்பிணிகளை, சிறப்பாக ஆலைத் தொழிலாளப் பெண்களை, வாட்டிய கொடிய சோகையை ஆராய்ந்தார். நீலகிரியில் குன்னூர் ஆராய்ச்சிசாலையிலும் சிலகாலம் உழைத்தார். குறை கிருமியிலன்று, உணவிலேயே உள்ளதெனத் தெளிந்து, மார்மைட் கொடுத்துக் குணப்படுத்தினார். 1931-இல் அவர் இதனை வெளியிட்டார். (நம் கடைகளில் பிஸ்கோத்துக்கு அருகே இருக்கும் அதே கரும்பசைதான்!) அதிலிருந்த பொருளைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து 1941-இல் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இன்று கிளினிக்கில் கருப்பிணிக்குக் கொடுக்கும் சிறு மாத்திரை அதுவே.

ஆகவே, முதல் வருகையில் தாதி இரத்தம் எடுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. முதல் மூன்று திங்களில் நூறு மில்லிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் ஹீமோகுளோபின் இருப்பின் அது சோகை. எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், வயிற்றின் வளர்ச்சி, குழந்தையின் இதயத்துடிப்பு ஆகியன வருகைதோறும் காலத்திற்கேற்பப் பார்க்கப்படும். அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் கண்டால் வலிப்பு வரக்கூடும். அதனைத் தாயால் தானாக உணர முடியாதிருத்தலும் உண்டு. 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் எட்டு முறையேனும் பார்க்கவேண்டுமென்றும், முதலாவது 12 வாரத்திற்குள் நிகழவேண்டுமென்றும் விதித்தது.

நம்மவருள் சிலரோ கண்ணேறு படுமென்று கருவை மறைக்கின்றனர். ஏழாம் மாதத்து வளைகாப்பிற்குப் பின்னரே வைத்தியசாலைக்குச் செல்வாரும் உளர். கருவின் முதுகுத்தண்டுவடத்திற்கு அடிகோலும் குழாய் மூடுவதோ, கருத்தரித்து நான்கு வாரம் நிறைவதற்குள். ஆதலின் போலிக் மாத்திரையைக் கருத்தரிக்கு முன்னரே தொடங்குதல் நன்றென வைத்தியர் சொல்கின்றனர். வளையல் அடுக்குவதை நாம் தடுக்கவில்லை; வாரக்கணக்கில் அதற்குமுன் செய்யவேண்டியவை நிறைய இருக்கின்றன. மாமியார்மார் இதனைக் கேட்பாராக.