பெயரை மறைத்த காவலதிகாரி

இந்தியாவுக்குப் பீரங்கி விற்க லஞ்சம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சுவீடன் நிறுவனமான போஃபர்ஸின் ஆவணங்களை வெளியே கொடுத்தவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். சுவீடன் காவல்துறையில் அந்த வழக்கை விசாரித்த தலைமை அதிகாரியே அவர்தான். கமிஷன் ஒப்பந்தங்கள், வங்கிகளுக்குப் போன பணக் குறிப்புகள், நிர்வாக இயக்குநர் மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்பு என 350-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் ஜெனீவாவிலிருந்த செய்தியாளர் சித்ரா சுப்ரமணியத்தின் கைக்கு வந்தன. லஞ்சமே கைமாறவில்லை என்று சங்கரானந்த் தலைமையிலான இந்திய நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1988 ஏப்ரலில் அறிக்கை தந்தது. இரண்டே மாதத்தில், சென்னையில் ‘தி இந்து’ ஆவணங்களை அச்சேற்றத் தொடங்கியது. என். ராமும் சித்ராவும் எழுதிய அந்தக் கட்டுரைகளின் முன்னே குழுவின் அறிக்கை நிற்கவில்லை.

அதன்பின் வந்த 1989 தேர்தலை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, வி.பி. சிங் பிரதமரானார். லிண்ட்ஸ்ட்ரோமை அப்படிக் கடந்துவிட முடியாது.

சுவீடனில் அரசு ஊழியர் பத்திரிகைக்குத் தகவல் சொல்லலாம். சொன்னது யார் என்று அரசு துருவக் கூடாது. ஆனால் ரகசிய ஆவணத்தையே எடுத்துக் கொடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே அந்த எல்லையைத் தாண்டினார் அவர். சுவீடன் அரசோ, போஃபர்ஸோ, இந்திய அரசோ உண்மையைத் தேடப்போவதில்லை என்பதே அவர் சொன்ன காரணம். வேறு வழி அடைபட்ட பிறகு கொடுத்ததால் அந்தச் செயல் நேர்மையானது. சித்ராவும் அவர் பெயரைக் கால் நூற்றாண்டு காத்தார். 2012 ஏப்ரலில் அவரே முன்வந்து சொல்லும்வரை அது வெளியாகவில்லை.

அந்த மௌனத்துக்கு இன்னொருவரும் விலை கொடுத்தார். நடிகர் அமிதாப் பச்சனின் பெயரை இந்த வழக்கில் இந்தியப் புலனாய்வாளர்கள் புகுத்தினார்கள் என்று லிண்ட்ஸ்ட்ரோம் சொன்னது 2012-ல்தான். அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் இடைத்தரகராகக் குற்றம் சாட்டப்பட்ட இத்தாலிய வணிகர் குவத்ரோச்சியைக் காப்பாற்ற நடந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் அப்போதே சொன்னார். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க ரகசியத்தை உடைத்தவர், குற்றமற்றவரை விடுவிக்கவும் அதே துணிவைக் காட்டியிருக்க வேண்டும். அவருடைய பெருமையில் இது ஒரு குறையே.

இந்தியாவில் பெயரைக் காக்கவே ஆளில்லாமல் போனது. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடே மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. கொலைக்குக் காரணம் எதுவானாலும், பெயரைக் கசியவிட்டது அரசு அலுவலகங்கள் செய்த துரோகம்.

அதன்பின் 2004-ல் வந்த மத்திய அரசுத் தீர்மானத்தின்படி, நெய்வேலி என்.எல்.சி. போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவன ஊழியரும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு முறைகேட்டை எழுதலாம். மொட்டைக் கடிதம் செல்லாது. பெயர் போட வேண்டும், ஆணையம் அதை மறைத்து வைக்கும். இதைச் சட்டமாக்கிய 2014-ஆம் ஆண்டின் ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அரசு ரகசியத்தை வெளியிடுவோரைத் தண்டிக்க 1923-ல் வெள்ளையர் இயற்றிய அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.