எல்லிக்காட் குடும்பத்தாரின் நீராலை

ஆற்று நீரின் விசையால் கோதுமை அரைக்க விழைவோர், கோதுமை விளையும் நாட்டை நாடிச் செல்வதே இயல்பு. ஜோசப், ஆண்ட்ரூ, ஜான் என்னும் எல்லிக்காட் சகோதரர் மூவரோ, புகையிலை விளையும் நாட்டுக்குச் சென்றனர். குவேக்கர் சமயத்தினரான அவர்கள் பென்சில்வேனியாவை விட்டு, 1772-ஆம் ஆண்டில், மேரிலாந்திலுள்ள படாப்ஸ்கோ ஆற்றங்கரையில் ஆலை நிறுவினர். பால்டிமோர் துறைமுகம் அங்கிருந்து சுமார் 10 மைல்.

மேட்டு நிலத்திலிருந்து ஆறு விரைந்து இறங்கும் இடம் அது. சக்கரம் சுழல நீருக்குக் குறைவில்லை. அரைக்கத் தானியந்தான் இல்லை. இடைவிடாது புகையிலை பயிரிட்டதால் மண்ணும் வளங்குன்றியிருந்தது. சகோதரர்கள் ஜிப்சம் கல்லைப் பொடித்து வயலுக்கு இட்டனர். கோதுமை விதைக்குமாறு அண்டை நிலக்கிழார்களைத் தூண்டினர். பால்டிமோருக்குப் பாதையும் அமைத்தனர்.

ஆலைக்கல்லின் அமைப்பு நம் பாட்டிமார் சுற்றிய திரிகையின் அமைப்பேயாம்: அடிக்கல் அசையாது, மேற்கல் சுழலும். ஆனால், அரைப்பது வேலையில் ஒரு பகுதியே. தானியத்தையும் மாவையும் மூட்டையாக மாடிக்குச் சுமப்பதும், சூடான மாவைத் தரையில் பரப்பிக் கிளறி ஆறவைப்பதும் ஆட்களின் பாடு. சுமப்பதற்குத் தோல்வாரில் கோத்த சிறு வாளிகளையும், கிளறுவதற்குச் சுழலும் வாரியையும் ஆலிவர் எவன்ஸ் என்பவர் அமைத்தார். மாவு கிளறிய பையனின் பெயரே அந்த வாரிக்கும் வழங்கலாயிற்று! ஆலைக்காரர் பலர் எவன்ஸை ஏளனம் செய்தனர். எல்லிக்காட் குடும்பத்தாரோ அம்முறையை முன்வந்து ஏற்றனர். அதற்கு 1790-இல் காப்புரிமை கிடைத்தது. 1795-இல் எவன்ஸ் வெளியிட்ட ஆலை நூலில் ஒரு பகுதியை எழுதியவர் தாமஸ் எல்லிக்காட்.

இக்குடும்பத்தின் வரலாற்றில் மாவைவிட மதிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெஞ்சமின் பானக்கர் என்ற கறுப்பினக் குடியானவர் அங்கே அண்டையில் வாழ்ந்தார். அடிமைமுறை நிலவிய அந்நாட்டில் அவர் சுதந்திர மனிதர். ஆண்ட்ரூவின் மகன் ஜார்ஜ் அவருக்கு வானநூல்களையும் கருவிகளையும் இரவலாகக் கொடுத்தார். வயது ஐம்பதைக் கடந்தபின் அவர் தாமே கணிதம் பயின்று, 1792-ஆம் ஆண்டுக்குரிய பஞ்சாங்கத்தைக் கணித்தார். அதன் கையெழுத்துப் பிரதியோடு, அடிமைமுறையைக் கண்டித்து ஜெபர்சனுக்குக் கடிதமும் எழுதினார்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆலை பிறர் கைக்கு மாறியது. 1868 ஜூலையில் படாப்ஸ்கோ பெருக்கெடுத்துக் கரையிலிருந்த கட்டடங்களை வாரிச் சென்றது. எல்லிக்காட் சிட்டி என்ற ஊர்ப்பெயர் மட்டும் இன்றும் அக்குடும்பத்துக்குரியது.