வெட்டி எடுத்த கையெழுத்துகள்

ஆத்தூர்னு சொன்னதும் வெற்றிலைதான் ஞாபகம் வரும். அங்கிருந்து தாமிரபரணியை ஒட்டிக் கடலைப் பார்த்துப் போனா, ஆறு கலக்கிற இடத்தில் புன்னைக்காயல். இந்த முத்துக்குளிக் கரையில் தனிமைப்பட்ட ஒருத்தரைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம்: பிரான்சிஸ் சவேரியார்.

1542 அக்டோபரில் இங்கே வந்தப்போ அவருக்கு 36 வயசு. பாரிஸில் ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர்கள் ஐரோப்பாவில். லிஸ்பனிலிருந்து கப்பல்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். கடிதம் போட்டா, பதிலுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கணும்.

அவரைச் சுத்தி ஆள் இல்லாம இல்லை. ஊர் ஊரா ஆயிரக்கணக்கான பரதவர்கள். ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்த்து வாங்கி மனப்பாடம் பண்ணியிருந்தார். ஆனா மனப்பாடத்தை வெச்சு ஜெபம் சொல்லலாம். "சாப்பிட்டீங்களா"வுக்கு அடுத்த பேச்சைப் பேச முடியாது. 1544-ல், இதே கரையில் வேற ஊரில் இருந்த தோழர் மன்சிலாஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். துபாஷி நோயில் படுத்துட்டார், நான் சொல்றது இவங்களுக்குப் புரியலை, இவங்க சொல்றது எனக்கு அதைவிடப் புரியலை, என் நிலைமையை யோசிச்சுப் பாருங்கன்னு அதில் புலம்பியிருக்கார்.

பிறகு அவர் கிழக்கே போயிட்டார். 1546-ல், இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் சொல்றார்: நண்பர்களின் கடிதங்களில் அவங்க கைப்பட எழுதின பெயர்களை மட்டும் வெட்டி எடுத்து, எப்பவும் கூடவே வெச்சிருக்காராம். நாற்பது வயசு மனுஷர்!

ஆனா பக்கத்திலிருந்த நட்பு? மலுக்குத் தீவுகளுக்கு வரச் சொல்லியும் போகாத மன்சிலாஸை, 1548-ல் அவரே சபையிலிருந்து நீக்கிட்டார்.

இதே கரைக்கு அவருக்குப் பின்னாடி வந்தவர் என்றிக்கே என்றிக்கஸ், அதாவது அண்டிரிக் அடிகளார். துபாஷி இல்லாமலே பேசுற அளவுக்குத் தமிழ் கத்துக்கிட்டார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் வேலைதான். 1600-ல் இறக்கும்வரை, ஐம்பது வருஷத்துக்கும் மேல, பெரும்பாலும் இந்தக் கரை மக்களோடதான் இருந்தார்.

அவருக்குத் தனிமையே இருந்திருக்காதுன்னு நான் சொல்லலை. ஆனா சவேரியார் இந்தக் கரையில் இருந்தது மொத்தம் சில வருஷம்தான். தூரத்து அன்பைத் தாள் துண்டாவது காப்பாத்தும். பக்கத்து அன்புக்கு அதே ஊரில் தங்கி, தப்புத்தப்பா பேசிப் பழகணும். வேலைக்காக ஊர் மாறிய நம்மில் பலர், பழைய காலேஜ் குரூப்பைப் பார்த்துக்கிட்டே எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாம இருக்கோம். இந்த வாரம் அந்தப் பேரையாவது கேட்டுடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.