பிள்ளையைக் கேட்காமல் வைத்த கத்தி

டேவிட் ரைமர் 1965-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் இரட்டையரில் ஒருவனாகப் பிறந்தவர். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நுனித்தோல் நீக்கும் சிகிச்சை தவறிப்போய் ஆணுறுப்பு கருகிவிட்டது. தவித்துப்போன பெற்றோர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் ஜான் மணியைத் தேடிப் போனார்கள். பெண்ணாகவே வளர்த்துவிடலாம் என்றார் அவர். இரண்டு வயது முடியுமுன் விதைகளையும் அகற்றி, பிரெண்டா என்று பெயரிட்டு, உண்மையை மறைத்து வளர்த்தார்கள்.

பிரெண்டாவுக்குக் கவுன் பிடிக்கவில்லை. பள்ளியில் ஓயாத கேலி. பதின்மூன்று வயதில், மறுபடியும் அந்த உளவியலாளரிடம் கூட்டிப்போனால் செத்துவிடுவேன் என்று அழுதாள். 1980-ல், பதினான்கு வயதில், அப்பா உண்மையைச் சொன்னார். அதன்பின் அந்தப் பிள்ளை டேவிட் என்ற பெயரில் ஆணாக வாழத் தொடங்கியது.

ஜான் மணியோ இதைப் பெரிய வெற்றி என்றே எழுதிவந்தார். வளர்ப்பே பாலினத்தைத் தீர்மானிக்கும் என்ற அவரது கொள்கை 1950-களிலேயே மருத்துவமனைகளில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. இந்த 'வெற்றி' அதை இன்னும் ஆழமாக ஊன்றியது. ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத உடலோடு பிறந்த இடைப்பாலினக் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவசர அவசரமாக அறுவை. பெற்றோரிடம் ஒரு கையெழுத்து. பிள்ளையிடம் மூச்சுவிடக்கூடாது என்ற அறிவுரை. பருவமெய்தும் வயதில் தழும்பும் வலியும் உணர்வற்றுப்போன உறுப்பும் அந்தப் பிள்ளைகளின் பங்காயின. நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்பதால் அது கொடுமை இல்லை என்றாகிவிடாது.

மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் 1997-ல் டேவிட்டின் கதையின் உண்மையை வெளியிட்டார்கள். டேவிட் 2004-ல், 38 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதற்கிடையே, கத்திபட்ட குழந்தைகள் வளர்ந்து பேசத் தொடங்கியிருந்தார்கள். 1993-ல் அமெரிக்காவில் செரில் சேஸ் இடைப்பாலினத்தவருக்கு அமைப்பு தொடங்கினார். 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் குழந்தை மருத்துவர்கள் கூடிய மாநாட்டு வாசலில் சிலர் பதாகை பிடித்து நின்றார்கள். 2015-ல் மால்டா நாடு, காத்திருக்கக்கூடிய இத்தகைய அறுவைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

இந்தியாவில் அந்தக் கதவைத் திறந்தது மதுரை. 2019 ஏப்ரல் 22 அன்று, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவை கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும் என்றும் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் ஆணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

அப்படியொரு குழந்தை உங்கள் வீட்டில் பிறந்தால் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: உயிருக்கு ஆபத்தா? இல்லையென்றால் காத்திருங்கள். விவரம் தெரியும் வயது வரும்போது, பிள்ளையிடம் எதையும் மறைக்காமல் சொல்லி, அதன் விருப்பத்தைக் கேளுங்கள்.