குளிர்ப்பெட்டிக் கடல்வழிப் போக்குவரத்து (ஜொகூர் பாரு)

பழம், காய்கறி, மீன், இறைச்சி, பால்பொருள் ஆகியவற்றைக் குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய கொள்கலன்களில் அடைத்துக் கப்பலில் அனுப்பும் முறை குளிர்ப்பெட்டிக் கடல்வழிப் போக்குவரத்து எனப்படும். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் இப்பெட்டியை ‘ரீஃபர்’ என்றே சொல்வார்கள். ஜொகூர் பாரு மாவட்டத்தின் இரு ஓரங்களிலும் இத்தொழில் நடக்கிறது. கிழக்கே பாசிர் கூடாங்கில் 1977 முதல் ஜொகூர் துறைமுகம் இயங்குகிறது. மேற்கே, பூலாய் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் 1999 அக்டோபரில் வேலையைத் தொடங்கி 2000 மார்ச்சில் முறையாகத் திறக்கப்பட்டது.

இரண்டில் பின்னது உலகக் கப்பல் வரைபடத்தையே மாற்றியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து தன் இடைமாற்றுப் பணியை இங்கே கொண்டுவந்தது. 2002இல் தைவானின் எவர்கிரீன் பின்தொடர்ந்தது. 2021இல் இத்துறைமுகம் கையாண்ட பெட்டிகள், 20 அடி அளவில் கணக்கிட்டால், 1.1 கோடியைத் தாண்டின. அவற்றுள் பெரும்பாலானவை மலேசியாவுக்குள் வருவதுமில்லை, மலேசியாவிலிருந்து போவதுமில்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறுபவை. துணியோ மரச்சாமானோ இருக்கும் பெட்டி அடுத்த கப்பலுக்காக நாள்கணக்கில் வெயிலில் கிடக்கலாம். ரீஃபர் கிடக்க முடியாது. இறங்கியதும் அதன் மின்கம்பியைத் தளத்திலுள்ள இணைப்பில் செருக வேண்டும், வெப்பநிலையைப் பார்த்துக் குறிக்க வேண்டும், ஏறும்போது கழற்றிக் கப்பலின் மின்சாரத்தில் மறுபடி செருக வேண்டும். சாலையில் போகும்போது லாரியின் இழுவண்டியில் பூட்டிய ‘ஜென்செட்’ என்ற மின்னாக்கி மின்சாரம் தருகிறது. ஆகவே ஒரு துறைமுகத்தின் குளிர்ப்பெட்டித் திறனைப் பாரந்தூக்கிகளை எண்ணி அறிய முடியாது. மின் இணைப்புகளையும், இரவு பகலாக அவற்றைச் சுற்றிவரும் தொழிலாளர்களையும் கொண்டே அறிய வேண்டும்.

பெட்டி செய்வதும் செய்யாததும்

இத்தொழிலில் நேரும் நட்டங்களில் பல ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: சூடான சரக்கை ஏற்றினாலும் பெட்டி அதைக் குளிர்வித்துவிடும் என்ற எண்ணம். ரீஃபரின் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அந்தக் குளிரிலேயே வைத்திருப்பதற்காக அமைந்தது. தோட்டத்து வெயிலின் சூட்டோடு ஏற்றிய பழத்தை அது நாள்கணக்கில் போராடியும் சரியாகக் குளிர்விக்காது. அறுவடை முடிந்த சில மணி நேரத்துக்குள் குளிரறையில் வைத்து உள்வெப்பத்தை எடுத்துவிடுவதே முதல் வேலை. அதைத் தவறவிட்டால் கடலில் எவராலும் ஈடுசெய்ய இயலாது.

பெட்டிக்குள் குளிர்காற்று கீழிருந்து மேலே போகிறது. தரையில் நீளவாக்கில் ஓடும் உலோகத் தண்டுகளின் இடைவெளி வழியே காற்று நுழைந்து, அட்டைப்பெட்டிகளின் ஊடாக எழுந்து, கூரையை ஒட்டி இயந்திரத்துக்குத் திரும்புகிறது. சுவரின் மேற்பகுதியில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் சரக்கை அடுக்கினால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவதும் அதே அளவு கேடு. ஜொகூரின் ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ச்சுருளில் பனியாகப் படிந்து காற்றை மறிக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் பொருந்தாது. உறைந்த இறைச்சிக்கும் மீனுக்கும் −18 டிகிரி செல்சியஸ். முட்டைக்கோசுக்கு 0 டிகிரி அருகே. வாழைக்காய்க்கு 13 முதல் 14 வரை. பச்சையாக உண்ணும் உயர்தரச் சூரை மீனை −60 வரை கொண்டுபோகும் தனிப் பெட்டிகளும் உண்டு. பறித்த பின்னும் பழங்கள் மூச்சு விடுகின்றன, வெப்பத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. எனவே அவற்றுக்குப் பெட்டியின் காற்றுத்துளையைத் திறந்து வைப்பர். உறைந்த சரக்குக்கு மூடிவிடுவர்.

காற்றோட்டத்தின் அருமையை இத்தொழில் தொடக்கத்திலேயே கற்றது. நியூசிலாந்திலிருந்து 1882 பிப்ரவரி 15 அன்று சுமார் 5,000 ஆட்டுடல்களோடு ‘டனிடின்’ என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. வெப்ப மண்டலத்தில் காற்றில்லாமல் கப்பல் நின்றபோது உள்ளே குளிர் சரியாகப் பரவவில்லை. மாலுமித் தலைவர் விட்சன் குளிர்க்கிடங்கில் ஊர்ந்து சென்று காற்றுக்குழாயில் துளையிட்டார். குளிரில் விறைத்துச் சாகும் நிலையிலிருந்தவரைக் காலில் கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்றினர். 98 நாள் பயணத்துக்குப் பின் லண்டனில் கழிக்கப்பட்டது ஒரே ஓர் உடல்.

ஜொகூரிலிருந்து போவதும் வருவதும்

ஜொகூரின் ஏற்றுமதிப் பழங்களில் அன்னாசிக்குத் தனியிடம் உண்டு. மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகம் ஜொகூர் பாருவில்தான் இருக்கிறது. நாட்டின் அன்னாசி விளைச்சலில் பெரும்பங்கு இம்மாநிலத்தினுடையது. பொந்தியான் பகுதியின் அமிலத்தன்மை மிக்க கரிமண்ணில் வேறு பயிர்கள் தயங்கும்போது அன்னாசி செழிக்கிறது. மலாய் மொழியில் ‘அன்னாசி நகர்’ எனப் பொருள்படும் பெக்கான் நானாஸ் என்ற ஊரின் பெயரே அதற்குச் சான்று. குளிர்க்கப்பல் இல்லாத காலத்தில் இப்பழம் தகர டப்பாவில் அடைபட்டே மேலைநாடுகளுக்குப் போயிற்று. இன்று எம்டி2 வகை முழுப்பழமாகப் போகிறது. 7 முதல் 10 டிகிரி வரை அதற்கு ஏற்றது. அதற்கும் கீழே இறக்கினால் வெளித்தோல் அழகாகவே இருக்கும், உள்ளே நடுத்தண்டையொட்டிக் கறுத்துப்போகும். பழைய வகைகளைவிட எம்டி2 இக்குறையைத் தாங்குவதும் ஏற்றுமதியாளர்கள் அதை நாட ஒரு காரணம்.

டுரியானின் கதை வேறு. சீனா முதலில் உறைந்த சதையையும், 2019 முதல் உறைந்த முழுப்பழத்தையும், 2024 முதல் புதுப்பழத்தையும் மலேசியாவிலிருந்து வாங்க இசைந்தது. மலேசிய டுரியான் மரத்திலிருந்து தானாக விழும்வரை விடப்படுவது. விழுந்த பழம் சில நாள்களில் கெட்டுவிடும். அதனால் புதுப்பழம் விமானத்தை நம்புகிறது. கடல்வழி போக வேண்டுமானால் திரவ நைட்ரசனில் விரைந்து உறையவைத்து −18இல் காக்க வேண்டும். மெல்ல உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்து, உருகும்போது சதை நீர்விட்டுப் போகும்.

அண்டையிலுள்ள சிங்கப்பூருக்குப் போகும் காய்கறிக்கும் கோழிக்கும் கப்பல் தேவையில்லை. 1924இல் திறந்த தரைப்பாலமும் 1998இல் வந்த இரண்டாம் பாலமும் போதும். அந்த அண்மை எவ்வளவு பெரிய வரம் என்பது 2022 ஜூன் 1 அன்று தெரிந்தது. உள்நாட்டுத் தட்டுப்பாட்டால் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதுவரை சிங்கப்பூரின் கோழித் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, பெரும்பாலும் உயிர்க்கோழிகளாக, பாலம் வழியே போய்க்கொண்டிருந்தது. உடனே அந்நாடு பிரேசில் முதலிய தொலைநாடுகளிலிருந்து கடல்வழி வரும் உறைகோழியைக் கூடுதலாக நம்பியது. ஜூன் இறுதியில் இந்தோனேசியாவுக்கும் வாசல் திறந்தது. பிராய்லர் கோழிக்கான தடை அக்டோபரில்தான் முழுதாக விலகியது.

இறக்குமதியில் இறைச்சி முக்கியமானது. மலேசியர் உண்ணும் ஆட்டிறைச்சியில் மிகுதி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமிருந்து உறைந்து வருவது. தீபாவளி நேரத்தில் ஜொகூர் பாரு தமிழ் வீடுகளில் கொதிக்கும் ஆட்டுக்கறியிலும் இப்படிக் கடல் கடந்தது உண்டு. இந்தியாவிலிருந்து வருவது எலும்பு நீக்கிய உறை எருமை இறைச்சி; ஹலால் சான்றும் மலேசியக் கால்நடைத் துறையின் ஒப்புதலும் பெற்ற ஆலைகளிலிருந்து மட்டுமே வாங்கப்படுகிறது. தாள்களில் ஒரு குறை இருந்தாலும் பெட்டி தளத்தில் நிற்கும், மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

−18 என்ற அளவையே மாற்றலாமா என்ற விவாதம் இப்போது எழுந்துள்ளது. 2023இல் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டு தொடங்கிய கூட்டணியில் மேர்ஸ்க் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து, உறைந்த உணவை −15இல் காத்தால் மின்சாரம் மிச்சமாகும், உணவுக்கும் பாதுகாப்பு குன்றாது என்று வாதிடுகின்றன. ஆண்டு முழுதும் பகலில் 30 டிகிரியைத் தாண்டும் ஜொகூர்த் தளங்களில் அந்த மிச்சம் பெரிதாகவே இருக்கும். ஆனால் வாங்கும் நாடுகளின் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் −18 என்றே எழுதியிருக்கும்வரை பெட்டியின் எண்பலகையில் அந்த எண்ணைத்தான் வைத்தாக வேண்டும்.