புதுக்கோட்டை – தஞ்சாவூர் பஸ்ஸும் நம் காரின் சர்வீஸ் புத்தகமும்

சென்ற மாதக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பேசி முடித்தபின், பேச்சு எப்படியோ கார் சர்வீஸுக்குத் தாவியது. ஒரு நண்பர், "கம்பெனிக்காரன் புத்தகத்தில் எழுதுவதெல்லாம் வியாபாரம், வண்டி சத்தம் போட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இன்னொருவர், புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் 5,000-லேயே ஆயில் மாற்றிவிடுவதாகச் சொன்னார். மூன்றாமவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. "என் வண்டி வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. கீழ ராஜ வீதிக்கும் திருக்கோகர்ணத்துக்கும் போய்வர எதற்கு சர்வீஸ்?"

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு நம் ஊர் வழியாகவே ஒரு பழைய கதை ஓடுகிறது. அதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

1912-ல் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னர். ரயில் இன்னும் நம் ஊரை எட்டவில்லை. திருச்சியிலிருந்து இங்கே ரயில் வந்தது 1929-ல்தான். அந்த 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். பின்னாளில் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தாக நாடெங்கும் அறியப்பட்ட நிறுவனத்தின் வேர் இந்தச் சாலையில் இருக்கிறது. அவர் திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தார், ரயில்வேயில் இருந்தார், பிறகு ஒரு வங்கியிலும் வேலை செய்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு பஸ் விட்டார் என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நாங்கள் முப்பது வருஷம் லெட்ஜரோடு உட்கார்ந்துவிட்டோம்.

அன்றைய கந்தர்வகோட்டை வழிச் சாலையை மனத்தில் கொண்டு வாருங்கள். தார் கிடையாது. செம்மண் புழுதி, மாட்டு வண்டித் தடம். மாடுகளின் கால் லாடத்திலிருந்து உதிரும் ஆணிகள் டயரைக் குத்திக்கொண்டே இருந்தனவாம். அதற்காக ஒரு வண்டியில் காந்தம் பொருத்தி, பஸ்ஸுக்கு முன்னால் ஓட்டிச் சாலையில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க வைத்தார் சுந்தரம் அய்யங்கார் என்று ஒரு கதை உண்டு. பஞ்சர் ஆனபின் ஒட்டுவது ரிப்பேர். ஆணியை முன்கூட்டியே பொறுக்குவது பராமரிப்பு. எந்த மோட்டார் கம்பெனியின் புத்தகத்திலும் லாட ஆணியைப் பற்றி எழுதியிருக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். அது நம் ஊர்ச் சாலை சொல்லிக்கொடுத்த பாடம்.

அப்போது கம்பெனிகளின் புத்தகங்கள் என்ன சொல்லின? அந்தக் காலத்தில் உலகமெங்கும் ஓடிய ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை தயாரான வண்டி. புது வண்டியில் முதல் 400, 500 மைலுக்குள் ஆயிலை வடித்துவிட வேண்டும், பிறகு சுமார் 750 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றது அதன் கையேடு. 750 மைல் என்றால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தினம் ஒரு நடை அடிக்கும் வண்டிக்கு, அந்தக் கணக்கில் பத்து நாளுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருக்க வேண்டும்! இன்று நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் என்கிறார்கள். ஏறக்குறைய எட்டு மடங்கு.

ஏன் இந்த எட்டு மடங்கு? கம்பெனிக்காரர்கள் திடீரென்று தாராள மனசுக்காரர்கள் ஆகிவிடவில்லை. மாடல் டி எஞ்சினில் ஆயில் ஃபில்டரே கிடையாது. ஆயில் தானாகச் சிதறித்தான் பாகங்களை நனைத்தது. உள்ளே போன புழுதியும் உலோகத் துகளும் ஆயிலோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தன. அழுக்கை வெளியேற்ற ஒரே வழி ஆயிலை வடிப்பதுதான். 1920-களில் ஆயில் ஃபில்டர் வந்தது. அழுக்கைத் தேங்கவிடாமல் ஏந்திக்கொள்ளும் ரசாயனங்கள் ஆயிலில் சேர்ந்தன. குளிரிலும் சூட்டிலும் பதம் மாறாத மல்டிகிரேடு ஆயில் வந்தது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபின், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலப்பதும் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புத்தகத்தில் உள்ள எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி நேரடி அனுபவம். வண்டிக்கு அடியில் கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டிய முனைகள் வரிசையாக இருக்கும். "வாட்டர் சர்வீஸ் விட்டு கிரீஸ் அடிச்சாச்சா?" என்பதுதான் அந்நாளில் பயணத்துக்கு முன் கேட்கும் கேள்வி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் அந்தக் கேள்வி மெல்ல மறைந்தது. மூட்டுகளை ஃபேக்டரியிலேயே கிரீஸ் வைத்து மூடி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பழக்கம் எண்ணைவிட நீண்ட நாள் வாழும். 5,000-ல் ஆயில் மாற்றும் நம் நண்பர் தன் அப்பாவின் வண்டிக்கான எண்ணைத் தன் வண்டிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். வண்டிக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, பணம்தான் போகிறது.

அதே சமயம், புத்தகத்து எண் எல்லா நிலைமைக்கும் பொருந்தாது என்பதற்கும் நம் பக்கத்து வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, ரேஷன். டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு உண்டாக்கி அதில் வண்டியை ஓட்டும் கேஸ் பிளாண்டைத் தயாரித்தது. "கரி பஸ்" என்று எங்கள் தாத்தா சொல்லும் வண்டி அதுதான். பின்னால் ஓர் அடுப்பு, பக்கத்தில் கரி மூட்டை. பெட்ரோலுக்கென்று எழுதிய புத்தகத்தில் கரிச் சாம்பலைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அடுப்பை அடிக்கடி வழித்துச் சாம்பல் அள்ளாவிட்டால், வடிகட்டியைத் துப்புரவாக வைக்காவிட்டால், அந்தத் தூள் எஞ்சினுக்குள் போய் உரசித் தின்றுவிடும். எரிபொருள் மாறியது, பராமரிப்புக் கணக்கும் மாறியது. டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பெயர் டிரைவரின் வேகத்தால் மட்டும் வந்திருக்காது. இரவில் பட்டறையில் கை அழுக்கானவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அந்த பஸ்கள் அரசுடைமையாகிப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போயின.

இன்றைய புத்தகங்களிலும் இந்தக் "கரி பஸ்" பாடம் ஒரு மூலையில் இருக்கிறது. சர்வீஸ் அட்டவணைக்குக் கீழே, சின்ன எழுத்தில், "கடுமையான சூழ்நிலை" என்ற தலைப்பில் இருக்கும். தூசி மிகுந்த சாலை, மிகக் குறைந்த தூரப் பயணம், நின்று நின்று ஓடும் நெரிசல் என்றால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லும். நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரி லாரிகளுக்குப் பின்னால் தினம் போய்வரும் நம் 'பி' பிளாக் நண்பருக்கு ஏர் ஃபில்டர் புத்தகத்து மேல்வரிக் கணக்கில் தாங்காது. சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியும் இதே பட்டியலில்தான் வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால், உள்ளே உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். "ஓடவே இல்லை" என்று நாம் நினைக்கும் வண்டியைக் "கடுமையாக ஓடிய வண்டி" என்கிறது புத்தகம். எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சரி, அப்படியானால் அடிக்கடி பிரித்துப் பார்த்துவிடுவதுதானே பத்திரம்? அதுவும் இல்லை. அதே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் சி.எச்.வாடிங்டன் என்பவர் விமானங்களின் பழுதுக் கணக்கை ஆராய்ந்தார். தொழிலால் அவர் உயிரியல் அறிஞர். விமானங்களை 50 பறக்கும் மணிக்கு ஒருமுறை சோதனைக்கு நிறுத்துவார்கள். சோதனை முடிந்து வந்தவுடன் பழுது குறைய வேண்டும் அல்லவா? கணக்கோ தலைகீழாக இருந்தது. சோதனை முடிந்த கையோடு பழுது கூடியது, பறக்கப் பறக்கத்தான் குறைந்தது. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே புதுக் கோளாறுகளைக் கொண்டுவந்திருந்தது. இடைவெளியை நீட்டி, தேவையில்லாமல் கழற்றுவதை நிறுத்தியபின் விமானங்கள் கூடுதல் நேரம் பறந்தன. சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, "சார், எஞ்சின் ஃப்ளஷ் பண்ணிடலாமா, இன்ஜெக்டர் கிளீனிங் சேர்த்துக்கலாமா?" என்று பட்டியல் நீட்டுகிறார்களே, அப்போது நான் வாடிங்டனை நினைத்துக்கொள்வேன். அட்டவணையில் இருந்தால் சரி என்பேன். இல்லையென்றால், "பக்கத்தைக் காட்டுங்க தம்பி" என்பேன். பெரும்பாலும் பக்கம் கிடைப்பதில்லை.

இப்போது நான் கூட்டத்தில் வாய் திறக்காத காரணம்.

என்னுடைய பழைய காரும் ஓடாத கார்தான். ஆறு வருஷத்தில் 22,000 கிலோமீட்டர். 10,000, 20,000 என்று எண் வந்தபோது சர்வீஸுக்கு விட்டேன், ஆயில் மாற்றினார்கள், அதோடு சரி. ஒரு மே மாதம் மனைவி, மகள், பேரனோடு கொடைக்கானல் போய்விட்டு வத்தலக்குண்டு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தவன், ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் பஞ்சுமெத்தை போல உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர் ஓரமாக உரசி நிறுத்தினேன். எதிரே அப்போது பஸ் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் என் சாமர்த்தியம். பேரன் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் ஆறவிட்டபின் பெடல் ஓரளவு திரும்பியது. ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தவர், "பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கு. கடைசியா எப்ப சார் மாத்துனீங்க?" என்றார். "அதையெல்லாம் மாத்தணுமா?" என்று நான் கேட்டேன். பி.காம். படித்து, முப்பது வருஷம் ஒரு வட்டித் தேதியைத் தவறவிடாதவன் கேட்ட கேள்வி அது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. வண்டி ஓடினாலும் உறிஞ்சும், கவர் போட்டு நிறுத்தினாலும் உறிஞ்சும். டாட் 3 வகைப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஈரமான ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழியை அழுத்தினால் அது நசுங்கும், சக்கரத்தைப் பிடிக்காது. வங்கிக்காரர்களுக்கு இது எளிதில் புரிய வேண்டும். கணக்கில் வரவு செலவு இல்லையென்றாலும் கடனுக்கு வட்டி தேதிப்படி ஏறிக்கொண்டுதானே இருக்கும்.

வீட்டுக்கு வந்து டாஷ்போர்டு அறையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். முதல் நாள் வைத்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. பிரேக் ஆயில் வரிசையில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் "அல்லது 2 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது" என்று அச்சாகியிருந்தது. கூலன்ட்டுக்கும் ஆண்டுக் கணக்கு இருந்தது. எஞ்சின் ஆயிலுக்கும் 12 மாதம். நான் ஆறு வருஷமும் ஒரு பத்தியை மட்டும் படித்திருக்கிறேன்.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் எஃப்.சி. உண்டு. புது வண்டி என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் சோதனைக்கு நிறுத்தியாக வேண்டும். நம் சொந்தக் காருக்கு அப்படி இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம் வரை புகைச் சான்றிதழ் தவிர யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிரேக் ஆயில் என்ன நிறம் என்று கேட்க அந்தப் புத்தகத்தை விட்டால் ஆள் கிடையாது. கம்பெனி அதில் தன் வியாபாரத்தையும் பார்க்கும்தான். சர்வீஸ் செலவு குறைவு என்று விளம்பரம் செய்ய எண்ணை நீட்டவும் அதற்கு ஆசை இருக்கும், வாரண்டியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணைக் குறைக்கவும் ஆசை இருக்கும். இந்த இரண்டு ஆசையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கும் இடம்தான் அந்த அட்டவணை என்பது என் கணிப்பு. அதனால்தான் நண்பர்களின் யோசனையைவிட அதை நம்புகிறேன்.

சென்ற ஞாயிறு நம் அடித்தளத்தில் நடைப்பயிற்சி போனபோது, கவர் போட்டுத் தூசி படிந்து நிற்கும் கார்களை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. பள்ளி விடுமுறை வந்தால் அவற்றில் பாதி ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பிவிடும். என் இப்போதைய வண்டிக்கு பிரேக் ஆயில் தேதி வரும் ஆனியில் வருகிறது. ஓடியது 9,000 கிலோமீட்டர்தான். புத்தகத்தில் அந்த வரிசை எங்கே என்று தெரியாதவர்கள் புத்தகத்தோடு 'சி' பிளாக் இரண்டாம் மாடிக்கு வாருங்கள், சேர்ந்து தேடுவோம். காபி உண்டு.